யாரா இருந்தாலும் பரவாயில்ல

கல்யாணக் கேக்கை மீன் பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு ஃபிடெல்மா தூஹி தோல்காரர் சந்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்தபோது மதியப் பூசை நடந்துகொண்டிருந்தது. டப்ளின் நகரின் நடுவே, வேலை நாளில், சாப்பாட்டு வேளையில் அறுபது பேர் முழங்காலில் நிற்பதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் மெய்சிலிர்ப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். அந்தச் சாமியார் பதினெட்டு நிமிடத்தில் பூசையை முடித்துவிடுவார். மீதி நேரத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்பலாம்.

ஃபிடெல்மா பஸ் ஓட்டுநர். ஒன்பது வருடமாக இந்தச் சந்தின் முனையைக் கடந்து மாடி பஸ் ஓட்டுகிறாள். உள்ளே வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்றும் பக்தியால் வரவில்லை, கேக்கால் வந்தாள். அவளுக்கும் ஃபின்பார் லாலருக்கும் போன சனிக்கிழமை கல்யாணம் நடந்திருக்க வேண்டும். பதினோரு நாள் இருக்கும்போது அவன் போனில் நாலு வரி அனுப்பி விலகிக்கொண்டான். மண்டபம் கைவிட்டுப் போனது, உடுப்பு பெட்டிக்குள் போனது, மூன்றடுக்குக் கேக் மட்டும் யாருக்கும் வேண்டாமல் அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. விஸ்கியில் ஊறிய பழக் கேக், கிறிஸ்துமஸ் வரை கெடாது. மேலடுக்கை அப்பா தினம் ஒரு பாதாமாகக் கிள்ளித் தீர்த்தார். நடு அடுக்கு பஸ் டிப்போவில் நாலு நிமிடத்தில் காணாமல் போனது. மிச்சமிருந்த அடி அடுக்கைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. பின்கட்டில் தினமும் இல்லாதவர்களுக்கு டீயும் ரொட்டியும் கொடுக்கிறார்கள்.

"நீயே கொண்டு போய்க் குடேன். செவ்வாய்க்கிழமையானா அங்கதான கிடக்கற?" என்று ஃபிடெல்மா கேட்டதற்கு, "எனக்கு முட்டி வலிடி. நீ போ" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாள் முழுக்க மீன் கடையில் நிற்கிற முட்டி அது.

கடைசி வரிசையில் இடம் பார்த்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கிழவி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கு என்ன மீனும்மா?"

"கேக்."

கிழவி யோசித்தாள். "கேள்விப்பட்டதே இல்லையே. முள் அதிகமோ?"

பூசை முடிந்து கூட்டம் கதவை நோக்கி ஓடியது. பின்கட்டுச் சாவி பிரதர் கானிசிடம் இருப்பதாகவும், அவர் இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றும் யாரோ சொன்னார்கள். இருபது நிமிடம் இருந்தது. ஃபிடெல்மா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுற்றினாள். மெழுகுவர்த்திகளை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தி மாதிரி பல்புகளை வைத்திருந்தார்கள். காசு போட்டால் ஒன்று எரிந்தது. ஒரு பெரிய அர்ச்சிஷ்டர் சிலைக்கு மூக்கு உடைந்து ஒட்டுப் போட்டிருந்தது. வடக்கு மூலையில், நெற்றியில் முள் குத்திய காயத்தோடு புனித ரீத்தா நின்றிருந்தாள். முடியாத காரியங்களை முடித்துக் கொடுப்பவள், உயிரோடு இருந்தபோது ஒரு முரட்டுப் புருஷனிடம் மாட்டிப் பாடுபட்டவள். அவள் காலடியில் சாய்வுப் பலகை, அதன்மேல் தலையணை பருமனுக்கு ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. வேண்டுதல் எழுதுகிற நோட்டு.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பது ஃபிடெல்மாவுக்குத் தெரியும். ஆனால் விரித்து வைத்திருப்பதைப் படிப்பது பாவமா என்பது வேறு கேள்வி.

"ரீத்தாம்மா, மாடி வீட்டுக்காரன் டிரம் அடிக்கிறதை நிறுத்து. கை போனாலும் பரவாயில்லை."

"போன வாரம் என் புருஷனைப் பத்திக் கேட்டதைச் செய்ய வேண்டாம். தோட்டத்து வேலியைச் சரி பண்ணிட்டார்."

"வெள்ளிக்கிழமை ஸ்கேன். பயமா இருக்கு." அதற்கு மட்டும் கீழே வேறு வேறு கையெழுத்தில் ஆறேழு பேர் 'உனக்காக வேண்டிக்கறேன்' என்று எழுதியிருந்தார்கள்.

ஃபிடெல்மாவுக்கு நோட்டு பிடித்துப்போனது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சாவகாசமாகப் பின்னோக்கிப் புரட்டினாள். செப்டம்பர் கடைசியில் கை நின்றது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கட்டை கட்டையாக, கறுப்பு மையில், அடியில் இரண்டு கோடு. 'இன்று வந்த திருக்கை' என்று நாற்பது வருடமாக அட்டையில் எழுதி ஐஸ் மேல் குத்தி வைக்கிற எழுத்து. அதைப் பார்த்துத்தான் ஃபிடெல்மா படிக்கவே கற்றுக்கொண்டாள்.

"ரீத்தா, கல்யாணத்தை நிறுத்து. அவன் சாக வேண்டாம். கால் கூட உடைய வேண்டாம். போனாப் போதும். போயிட்டான்னா ஒரு மாசம் சர்க்கரை இல்லாம டீ குடிக்கறேன். க.தூ., மீன் கடை."

ஃபிடெல்மா அதை மூன்று முறை படித்தாள். இரண்டு வாரமாக அம்மா டீயை முகம் சுளித்துக் குடிப்பதும், 'டாக்டர் சொன்னார்' என்பதும் ஞாபகம் வந்தது. காது சூடானது. பக்கங்களைக் கிழிகிற வேகத்தில் பின்னால் தள்ளினாள்.

போன வருடம் பிப்ரவரியில்: "ரீத்தா, என் மகளுக்கு முப்பத்தாறு ஆகுது. பஸ்ல ஏறறவங்களைத் தவிர யாரும் அவ பின்னால வரலை. ஒருத்தனை அனுப்பு. யாரா இருந்தாலும் பரவாயில்ல."

ஜூனில்: "வந்துட்டான். நன்றி."

ஜூலையில்: "ரீத்தா, 'யாரா இருந்தாலும்'னு நான் எழுதினதைத் திருப்பி எடுத்துக்கறேன்."

அதற்குப் பின் மாதம் ஒன்றாவது இருந்தது. "நேத்து என் மீனை மோந்து பார்த்துட்டுத் தின்னான்." "கல்யாணத்துக்கு அப்புறம் பஸ் ஓட்ட மாட்டாளாம். அவன் சொல்றான், இவ சிரிக்கறா." கடைசியாக இந்த ஆகஸ்டில்: "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல ரெண்டு மணி நேரம் அவன் மட்டும் பேசினான். என் மக வாயே திறக்கலை. பேசாம உக்காந்து அவளை நான் பார்த்ததே இல்ல, ரீத்தா."

"அருமையான கையெழுத்து இல்ல?" என்றது ஒரு குரல் தோளுக்குப் பின்னால்.

காலுறைமேல் செருப்பு மாட்டிக்கொண்டு, பழுப்பு அங்கியில் டீக் கறையோடு ஒரு வயதானவர் நின்றிருந்தார். பிரதர் கானிஸ்.

"அந்த அம்மா வாரா வாரம் வருவாங்க. மத்தவங்க ரீத்தாகிட்ட கெஞ்சுவாங்க. இவங்க மிரட்டுவாங்க. ஒரு தடவை விரலை ஆட்டி ஆட்டிப் பேசினாங்க பாருங்க, சொரூபம் ரெண்டு அடி பின்னால போன மாதிரி எனக்குத் தோணுச்சு. இப்ப ரெண்டு வாரமாக் காணோம். உடம்புக்கு என்னவோ." அவர் கண் தரைக்கு இறங்கியது. "அது கேக்கா?"

"ஆமா பிரதர். எடுத்துக்கங்க." ஃபிடெல்மா நோட்டை மூடி, கயிற்றை அவிழ்த்து, கோட்டுக்குள் செருகினாள்.

"ஏம்மா! ஏம்மா! அது கோயில் சொத்து!"

"இது எங்க குடும்ப விஷயம், பிரதர்."

"அதுல ஆயிரம் பேரோட குடும்ப விஷயம் இருக்கும்மா!"

துரத்தலாம் என்று அவர் இரண்டடி எடுத்து வைத்தார். கேக்கைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. நின்றுவிட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தைத் தெரு மீன் கடைக்கு ஐந்து நிமிட நடை. ஃபிடெல்மா மூன்றில் போனாள். அம்மா கன்செப்டா தூஹி ரப்பர் பூட்சும் முழங்கைவரை கையுறையுமாக ஒரு திருக்கையின் சிறகை அறுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது, குள்ளம், கூப்பிட்டால் ஆற்றின் மறுகரையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடை முன்னால் நாலு பேர் வரிசை, முதல் ஆள் பக்கத்துத் தெரு டிம்ப்னா.

மகளையும் அவள் கோட்டின் வீக்கத்தையும் பார்த்தாள் கன்செப்டா. "கேக்கைக் குடுத்தியா?"

ஃபிடெல்மா நோட்டை எடுத்து இறால் தட்டின்மேல் விரித்தாள்.

"'ரீத்தா, கல்யாணத்தை நிறுத்து. அவன் சாக வேண்டாம்.'"

கத்தி நின்றது.

"'கால் கூட உடைய வேண்டாம்.'"

"சத்தமாப் படிம்மா, பின்னால கேக்கலையாம்" என்றாள் டிம்ப்னா.

"ஐஸ்ல வெக்காத, நனையுது" என்றாள் கன்செப்டா.

"நனையட்டும். நீ எழுதினதா இல்லையா?"

"என் பேரை நீயே படிக்கறியே, அப்புறம் என்ன கேள்வி? ஆமா, எழுதினேன். நான் கேட்டேன். அவ செஞ்சா. சண்டை போடணும்னா அவகிட்டப் போய்ப் போடு."

"கேட்டவளை விட்டுட்டு சிலைகிட்ட சண்டை போடறதா?"

"அந்தப் பையனுக்கு உதடே கிடையாது, கன்செப்டாக்கா. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் டிம்ப்னா.

"நீ வாயை மூடு, டிம்ப்னா." தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பைக் கேட்டதும் ஃபிடெல்மாவின் கண் நிறைந்தது. மழையால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை, கன்செப்டாவுக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றி எறிந்தாள். "டிம்ப்னா, கடையைப் பாத்துக்க. எதையாவது சும்மா தூக்கிக் குடுத்தா உன் கையை அறுத்துடுவேன்." மகளை முழங்கையில் பிடித்து, ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள்.

அங்கே வந்ததும் கன்செப்டாவின் குரல் இறங்கிவிட்டது. அப்படி ஒரு சின்னக் குரலை ஃபிடெல்மா கேட்டதே இல்லை.

"ரெண்டு வாரமா நான் அங்க போகலைடி."

"தெரியும். பிரதர் சொன்னார்."

"முட்டி வலி ஒண்ணும் இல்ல. அவ முகத்துல முழிக்க முடியலை. முப்பது வருஷமா உங்கப்பாவுக்கு லாட்டரி விழணும்னு கேட்டேன், செஞ்சாளா? என் மாமியாரைக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிக்கன்னு கேட்டேன், தொண்ணூத்தியாறு வரைக்கும் உக்கார வெச்சா. சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான் எழுதறது. யாரு நெனச்சா? எழுதி ரெண்டு வாரத்துல அவன் போயிட்டான். அன்னைக்கு நீ மாடியில அழுத பாரு, நான் படிக்கட்டுல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். என் புள்ள வயித்துல நானே கத்தியைச் சொருகிட்டேன்னு நெனச்சேன். ஒரு புனிதையைக் கூட்டு சேத்துக்கிட்டு."

ஃபிடெல்மா வண்டிமேல் சாய்ந்தாள். கோபப்பட எவ்வளவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். சந்தை முழுவதையும் ஆட்டி வைக்கிறவள் இரண்டு வாரமாகப் பயந்துபோய்ச் சர்க்கரை இல்லாத டீ குடித்திருக்கிறாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதனால் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அம்மா, அவன் மெசேஜ் வந்தப்ப நான் கடைசி ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, சனிக்கிழமை வீட்ல இருக்கலாம்னு. பசி வந்துடுச்சு. ரெண்டு முட்டை சாண்ட்விச்சையும் தின்னேன். பக்கத்து பஸ் ஓட்டறவன்கிட்டப் பாதி பிஸ்கட்டும் வாங்கித் தின்னேன்."

"பின்ன எதுக்குடி அப்படி அழுத?"

"வெக்கமா இருந்துச்சு. மேயோ ஊரு சித்தி கல்யாணத்துக்குன்னு தொப்பி வாங்கிட்டாங்க. டிப்போவுல காசு சேத்து டோஸ்டர் வாங்கி வெச்சிருந்தாங்க. வேண்டாம்னு நான்ல சொல்லியிருக்கணும்? அவன் சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தேனே, அதுக்கு அழுதேன்."

கன்செப்டா மகளையே பார்த்தாள். மீன் கண்ணைப் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்லிவிடுகிற பார்வை. உண்மைதான் என்று பட்டது. மூச்சை விட்டாள், பூட்ஸ் வரை இறங்கிய மூச்சு.

"ஆனா ஒண்ணும்மா," என்றாள் ஃபிடெல்மா. "உனக்குத் தெரிஞ்சிருக்கு. நடு ஊர்ல, போறவன் வர்றவன் படிக்கற நோட்டுல எழுதி வெச்ச. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நான்..."

"அன்னைக்கு சாயங்காலமே அவனைக் கட்டியிருப்ப."

ஃபிடெல்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினேழு வயதில் 'பஸ் ஓட்டற வேலையெல்லாம் வேண்டாம்' என்று அம்மா சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் அவள் பஸ் ஓட்டுகிறாள்.

"வா," என்றாள். "நோட்டைத் திருப்பிக் குடுக்கணும். அந்த மனுஷன் போலீசைக் கூப்பிட்டுடப் போறார்."

பிரதர் கானிஸ் போலீசைக் கூப்பிடவில்லை. ரீத்தாவின் காலடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தட்டு. கேக்கின் ஓர் ஓரம் காணாமல் போயிருந்தது. அங்கியில் வெள்ளைச் சர்க்கரைத் தூள்.

"காவல் இருந்தேன்," என்றார் எழுந்தபடி. "பிசாசு வந்து ரொம்ப சோதிச்சுது." கன்செப்டாவைப் பார்த்ததும் ஃபிடெல்மாவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். முப்பது வருடம் டீ ஊற்றிக் கொடுக்கிற மனிதருக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரியும். "ஓ," என்றார். "அந்தக் கல்யாணத்துக் கேக்கா இது? ரொம்ப நல்லா வந்திருக்கு. நடக்காத கல்யாணத்துக் கேக்குல இவ்வளவு நல்லது நான் தின்னதில்ல."

கன்செப்டா சொரூபத்தின் முன் போய் நின்றாள். முழங்கால் போடவில்லை. மீன் வாடையோடு, மழை சொட்டச் சொட்ட, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி. நல்லதுதான் பண்ணியிருக்க. அவளே சொல்லிட்டா," என்றாள். "ஆனா ரெண்டு வாரம் என்னைத் தவிக்க விட்ட பாரு, அது நல்லா இல்ல. ஒரு ஜாடை காட்டியிருக்கலாம்." பிறகு கையை நீட்டி, ரீத்தாவின் கால் விரலை, குழந்தையின் காலைத் தொடுவது போல் தொட்டாள். ஃபிடெல்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"பிரதர், ஒரு சந்தேகம்," என்று கன்செப்டா திரும்பினாள். குரல் பழைய அளவுக்கு வந்திருந்தது. "ஒரு மாசம் டீயில சர்க்கரை போட மாட்டேன்னு நேர்ந்திருக்கேன். இன்னும் ரெண்டு வாரம் பாக்கி. கேக் தின்னலாமா?"

பிரதர் கண்ணை மூடி யோசித்தார். "கேக் டீ இல்லையே."

"இல்ல."

"டீயில முக்கினா?"

"முக்க மாட்டேன்."

"அப்ப தின்னலாம். முக்கினா மேலிடத்துல கேக்கணும்."

பின்கட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேக்கின் ஓரத்தில் சர்க்கரைப் பாகில் எழுதியிருந்த பெயர்களை பிரதர் கானிஸ் நாசூக்காக முதலிலேயே தின்றிருந்தார். 'ஃபின்' மட்டும் மிச்சம். கன்செப்டா தன் கத்தியை எடுத்தாள். கழுவச் சொன்னார்கள், கழுவினாள். திருக்கையை அறுக்கிற அதே வேகத்தில் முப்பது துண்டு போட்டாள். ஈரக் கோட்டுக்காரர் ஒருவர் வாய் நிறையக் கேக்கோடு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல," என்றாள் ஃபிடெல்மா.

"வாழ்த்துக்கள்," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

ஃபிடெல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை, அம்மாவையும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் சுவரில் இருந்த கடிகாரம் அவள் கண்ணில் பட்டது. பஸ் எடுக்க வேண்டிய நேரம் தாண்டி ஒன்பது நிமிடம். ஓடினாள். நிறுத்தத்தில் நின்ற கூட்டம் அவள் தலையைப் பார்த்ததும் கோரஸாகத் திட்டியது. எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

நவம்பரில் கால்வாய்ப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துத் தனியாகப் போய்விட்டாள். ஃபின்பார் யாரையோ கட்டிக்கொண்டான் என்று டிம்ப்னா வந்து சொன்னபோது, "பாவம், அவ அம்மா எந்தக் கோயிலுக்குப் போறாளோ" என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்தாள். கோழி காய்ந்துபோனதிலிருந்து அரசாங்கம் வரை அம்மாவோடு எல்லாவற்றுக்கும் சண்டை போட்டாள். அப்பா நிம்மதியாக உருளைக்கிழங்கு தின்றார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, தட்டுக் கழுவும்போது கன்செப்டா முதுகைக் காட்டியபடி கேட்டாள். "உங்க டிப்போவுல மெக்கானிக் ஒருத்தன் இருக்கானே, சிவப்புத் தாடி. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஏம்மா? நோட்டுல எழுதப் போறியா?"

"இல்லடி. எழுதினா அவ உடனே அனுப்பிடறா." கன்செப்டா ஒரு தட்டைத் துடைத்தாள், இன்னொன்றைத் துடைத்தாள். "அதான், முதல்ல உன்கிட்டக் கேக்கறேன்."

ஃபிடெல்மா துண்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். "அவன் பேரு ஈனன்," என்றாள். "நிறையப் பேச மாட்டான். நான் பேசினா கேப்பான். இதுக்கு மேல ஒண்ணும் கேக்காத."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் கன்செப்டா. அடுத்த அரை மணி நேரம் ஒன்றும் கேட்காமலே இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.